முன்னோருக்குப் போட்டுவிட்ட டிவி

எங்கள் வீட்டு டிவியில் படம் தெரிந்த நேரத்தைவிட வெறும் வெள்ளைப் புள்ளியாக மாவு சலித்த நேரம்தான் அதிகம். கோலாலம்பூரில் யாரோ உட்கார்ந்து செய்தி வாசிப்பார். அது மலையும் காடும் ரப்பர் தோட்டமும் தாண்டி மலாக்காவுக்கு வந்து, அதிலும் எங்கள் கிராமமான காஜா பெராங் கம்பத்துக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு மூக்கு இருந்தால் வாய் இருக்காது. குரல் மட்டும் ஓரளவு தெளிவாக வந்துவிடும். ஆளை அனுப்பாமல் குரலை மட்டும் அனுப்புவது பேய் செய்கிற வேலை என்று அத்தை முணுமுணுப்பாள். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் டீச்சர். பேய்க்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பொங்கல் வாரத்தில் என் பீற்றல் எல்லாம் கழன்று போயிற்று.

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா மலாக்காச் செட்டி. கோயில் உண்டு, திருநீறு உண்டு, விரதம் உண்டு, தமிழ் மட்டும் கிடையாது. பல தலைமுறைகளாக அவர்களுக்கு வீட்டு மொழி மலாய். அம்மா ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா மலாயில் கேட்பார், அம்மா தமிழில் பதில் சொல்வாள். சண்டையும் அப்படியே இரண்டு மொழியில் நடக்கும். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவளும் மலாய்தான் பேசுவாள். இங்கே அவள் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு மூத்தவன் ஒரு அண்ணன். ராணுவத்தில் லாரி ஓட்டினான். சின்ன வயதில் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும். சந்து முனையில் வரும்போதே காலை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். சாப்பாட்டில் அவனுக்கு உயிர் திருக்கை மீன். புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்டு அம்மா வைக்கிற அசாம் பெடாஸ் இருந்தால் பானைச் சோறும் காலி.

நாடு சுதந்திரம் வாங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மலேசியா என்று பெயர் மாறியதும் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு கொன்ஃப்ரொன்டாசி என்கிற சண்டை தொடங்கிவிட்டது. அண்ணனை சரவாக் காட்டுக்கு அனுப்பினார்கள். அவன் போன மாதமே அப்பா டிவி வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. செய்தியில் சரவாக்கைக் காட்டுவார்கள், அதில் என்றைக்காவது நம் பையன் முகம் வந்துவிடாதா என்ற நப்பாசை. அவன் எழுதுவதும் குறைவு. எழுதினாலும் நலம், நலமறிய ஆவல், அவ்வளவுதான்.

பெட்டியை வைக்க முன் அறையைத் தவிர வேறு இடமில்லை. அந்த அறைச் சுவரில்தான் செத்துப்போன தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவர்கள் மனைவிமார் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பெரியவர்கள் காலடியில் கொண்டுவந்து இந்தப் பெட்டியை வைக்கலாமா என்று அத்தை ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

வெளியே கொல்லைப் பக்கம் மூங்கில் நட்டு அதன் உச்சியில் ஏரியல் கட்டியிருந்தோம். படம் வேண்டுமென்றால் ஒருவர் வெளியே நின்று மூங்கிலைத் திருக வேண்டும். "சுடா?" என்று அப்பா அங்கிருந்து கத்துவார், ஆச்சா என்று. "பெலும்!" என்று நாங்கள் உள்ளேயிருந்து கத்துவோம், இன்னும் இல்லை என்று. கம்பம் முழுக்க இந்தக் கூச்சல் கேட்கும். ஒருவழியாகப் படம் நிற்கும்போது பத்து பெரெண்டாமில் இறங்கப் போகிற விமானம் ஒன்று கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். அது போகிறவரை திரையில் இருப்பவர்கள் எல்லோரும் குளிர்க்காய்ச்சல் வந்தவர்கள் மாதிரி உதறுவார்கள். சண்டைக் காலம் என்பதால் விமானங்களுக்கும் குறைவில்லை. பாழாய்ப்போன விமானம் என்று நான் வாய்விட்டே திட்டுவேன்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு ஒரு மாலை. அப்பா வெளியே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா, அத்தை, நான் மூவரும் உள்ளே. செய்தியில் சரவாக் என்று சொன்னதும் அம்மா பாயை விட்டுப் பெட்டிக்கு அருகே நகர்ந்தாள். ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மேலே ஒருவன் படுத்திருந்தான். அவன் கை ஒன்று கீழே தொங்கி ஆடியது. படம் இரட்டையாகத் தெரிந்து, எல்லோர் பக்கத்திலும் வெளிறிப்போன இன்னொரு உருவம் ஒட்டிக்கொண்டே வந்ததால் யார் முகமும் பிடிபடவில்லை.

"ஐயோ! தம்பி! நம்ம தம்பிடி அது!"

அம்மா மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "எங்கம்மா? எது?" என்று நான் குனிவதற்குள் மேலே விமானம். படம் உதறியது, கிழிந்தது, மாவாகிவிட்டது. அது மறுபடி தேறி வந்தபோது எங்கோ பாலம் திறந்துகொண்டிருந்தார்கள்.

அப்பா வெளியிலிருந்து ஓடிவந்தார். "அபா? அபா?" என்ன, என்ன என்று அதையே கேட்டுக்கொண்டு நின்றார். பாவம், மூங்கிலைப் பிடித்திருந்த மனுஷன் எதையும் பார்க்கவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அத்தைதான் சொன்னாள், படுத்திருந்தவன் கை நம் பையன் கை மாதிரியே இருந்தது என்று. அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் படுத்திருந்தவன்தான் அண்ணன் என்று முடிவாயிற்று. அம்மாவுக்கும்தான்.

"மூஞ்சியப் பாத்தியாம்மா?"

"மூஞ்சி எங்கடி தெரிஞ்சுது?"

"அப்ப எத வச்சு சொல்ற?"

"தெரியும்னா தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை அப்பா போலீஸ் நிலையத்துக்குப் போனார். தங்களுக்குத் தகவல் எதுவும் வரவில்லை, ஏதாவது இருந்தால் வீட்டுக்குத் தந்தி வரும் என்று சொல்லி அனுப்பினார்களாம். அதைக் கேட்டு ஆறுதலடைய வேண்டும். நாங்கள் அதற்குப் பிறகு சைக்கிள் மணிக்கெல்லாம் பயப்பட ஆரம்பித்தோம். ரொட்டிக்காரர் மணி அடித்தாலும் அம்மா கை வேலையைப் போட்டுவிட்டு அப்படியே நிற்பாள். பள்ளியில் பாடம் நடத்தும்போது தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்றால் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிடுவேன். பேய்க்குப் பயப்படாதவளாம் நான்.

அதே செய்திப் படங்களை வாரக் கடைசியில் தொகுத்து மறுபடி காட்டுவார்கள். அது அப்பாவுக்குத் தெரியும். ஒரு பாக்கு மரத்தை வெட்டி வந்து, மூங்கிலை அதன்மேல் வைத்துக் கட்டி, ஏரியலை முன்னைவிட உயரமாக ஏற்றினார். அவர் ஏணி வைத்து மேலே ஏறியபோது கால் வெடவெடவென்று ஆடுவது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. "இறங்குங்கப்பா, நான் ஏறறேன்" என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. அந்தத் தொகுப்பு எந்த நாளில் வருகிறது என்று பார்த்தால், போகி நாள் மாலை.

எங்களுக்குப் போகி என்றால் பார்ச்சு. செத்துப்போன குடும்பத்தார் அன்று மாலை வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். முன் அறையில் படங்களுக்கு முன்னால் வாழை இலை போட்டு, ஒவ்வொருவருக்கும் உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதைத் தேடிச் சமைத்து வைக்க வேண்டும். தாத்தாவுக்குச் சுருட்டு கூட உண்டு. சாம்பிராணி போட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் கதவைத் திறக்கக் கூடாது. சின்ன வயதில் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே தட்டு நகர்கிற சத்தம் கேட்டதாக அண்ணன் சத்தியம் செய்வான், நான் அழுதிருக்கிறேன்.

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அத்தை சமையலறையில் மெதுவாக ஆரம்பித்தாள். அம்மாவை அவள் அடேக் என்றுதான் கூப்பிடுவாள், தங்கை என்று அர்த்தம்.

"அடேக், கோபப்படாதே. ஒருவேளை பையன் போயிருந்தால்? காட்டில் செத்தவனுக்கு யார் என்ன செய்திருப்பார்கள்? பசியோடு அலைவான். இந்த ஒரு நாள்தான் வீடு தேடி வருவான். வந்து பார்த்து இலையில் தனக்கு ஒன்றுமில்லை என்றால், அப்புறம் எப்போதும் வரமாட்டான்."

அம்மா அரைத்துக்கொண்டிருந்த மிளகாயை அப்படியே விட்டாள். "உசுரோட இருக்கிறவனுக்கு இலையில வைக்கச் சொல்றீங்களா அக்கா? வச்சா என்ன அர்த்தம்? நானே என் புள்ளைய வா வான்னு அந்தப் பக்கம் கூப்பிடறதா?"

"அன்று நம்ம பையன் என்று கத்தியது நீதானே?"

அம்மா மிளகாய்க் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு கண் எரிய உட்கார்ந்திருந்தாள். எனக்கு அத்தைமீது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா இருங்க அத்தை, வாய வச்சுக்கிட்டு!" என்று கத்தினேன். ஆனால் அத்தை அழுதுகொண்டிருந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளையில்லை, அண்ணனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் பட்டினியாகத் திரும்பிப் போய்விடுவானோ என்று இவளுக்குப் பயம், வைத்தால் உயிர் போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். இரண்டும் எனக்குப் புரிந்தது, அதுதான் கஷ்டம்.

போகியன்று விடியற்காலையிலிருந்தே சமையல். கோழி, முட்டை, தேங்காய்ப்பால் சோறு, பலகாரங்கள் என்று அடுப்பு அணையவில்லை. பின்கட்டில் தனி அடுப்பு மூட்டி அத்தை எதையோ மூடி வைத்துச் சமைப்பதைப் பார்த்தேன். புளி கொதிக்கிற வாசம் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. மதியம் ஒரு மழை கொட்டித் தீர்த்து நின்றது.

மாலையில் இலைகளைப் போட்டு எல்லாவற்றையும் பரிமாறினோம். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அத்தை பின்கட்டுப் பக்கம் போகவில்லை. கும்பிட்டு எழுந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம், அப்பா மட்டும் பெட்டி அருகே போய்க் குமிழைத் திருப்பினார். செய்தித் தொகுப்பு வருகிற நேரம் அது. பெட்டியோ இலைகளுக்கு நேர் எதிரே இருக்கிறது. அறையோ இனி முன்னோர்களுடையது.

"என்ன செய்கிறாய் நீ?" என்றாள் அத்தை, பதறிப்போய்.

"பியார்லா காக்கா. டிய ஓராங் பூன் தெங்கோ" என்றார் அப்பா. விடு அக்கா, அவர்களும் பார்க்கட்டும் என்று அர்த்தம். ஒலியை முழுவதுமாக ஏற்றிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். செத்தவர்களுக்கு டிவி போட்டுக் கொடுத்த வீடு உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாலு பேரும் கதவோரம் நின்றோம். குரலாவது கேட்குமே என்றுதான் அவர் அப்படிச் செய்தார். முதலில் பாட்டு ஓடியது. பிறகு செய்தி வாசிப்பவர் குரல். எங்கோ வெள்ளம், எங்கோ அமைச்சர். கதவிடுக்கில் சாம்பிராணிப் புகையும் நீல வெளிச்சமும் சேர்ந்து வந்தன. உள்ளே கொள்ளுத்தாத்தா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்து சரவாக் என்றார். ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்டது. ஒரு படைவீரர் தெர்கோர்பான் என்றார் வாசிப்பவர்.

நாட்டுக்காகச் செத்தவனை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குத் தமிழில் அம்மாவுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். பெயர் சொல்கிறாரா என்று நான் காதைக் கதவில் வைத்தேன். சொல்லவில்லை.

அம்மா கதவைத் தள்ளினாள்.

"ஜாங்கான்!" என்று அத்தை அலறினாள். வேண்டாம், அவர்கள் சாப்பிடுகிறார்கள். அம்மாவின் முந்தானையைக்கூடப் பிடித்தாள். அம்மா உதறிவிட்டு உள்ளே போனாள். நான் நிலைப்படியிலேயே நின்றேன். பிறந்ததிலிருந்து திறக்காதே திறக்காதே என்று சொல்லி வளர்த்த கதவு. ஆனாலும் அவளைத் தனியாக விட முடியுமா? கண்ணைப் பாதி மூடிக்கொண்டே பின்னால் போனேன்.

உள்ளே யாரும் இல்லை. இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. புகைக்கு நடுவே இலைகள் மேல் நீல வெளிச்சம் ஆடியது. டிவியில் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மழை கழுவிய வானம், மேலே விமானம் இல்லை, ஒருவரும் மூங்கிலைத் தொடவில்லை. எதனாலோ தெரியாது, அப்படி ஒரு படம் அந்தப் பெட்டியில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அதே ஸ்ட்ரெச்சர். தொங்குகிற கை. படுத்திருந்தவன் முகம் தெரிந்தது. சின்னப் பையன், எங்களுக்குத் தெரியாதவன். முன்பக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து அழுதபடி ஒருவன் ஓடிவந்தான். இடது பாதம் வெளியே திரும்பியிருந்தது.

"பாத்தியா? நான் சொல்லல? தம்பிதான்னு சொல்லல?" என்றாள் அம்மா. அன்றைக்கும் அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அவன் நடையைத்தான் அவள் கண்டது. பயம்தான் அவனைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டது.

வாசலில் நின்றபடியே அப்பாவும் பார்த்துவிட்டார். அந்த மனுஷன் அழுது அன்றுதான் பார்த்தேன். அத்தை கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. படங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். டிவியில் படம் மாறிவிட்டது. அம்மா பெட்டியை அணைத்தாள். நான் சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னை விலக்கிவிட்டு அத்தையிடம் போனாள்.

"அக்கா, அந்தத் திருக்கையக் கொண்டாங்க."

"எந்த... எந்த மீன்?"

"வீடு பூரா புளி வாசம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கொண்டாங்க."

அத்தை பின்கட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்து வந்தாள். அம்மா அதை வாங்கி, ஓரத்து இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் ஊற்றி, பெரிய துண்டாகப் பார்த்து மேலே வைத்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ. அவன் வீட்டுல டிவி இருக்கோ இல்லியோ. தெரிஞ்சுதோ இல்லியோ" என்றாள். பிறகு எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைத் திரும்பச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அண்ணன் அந்த ஆண்டுக் கடைசியில் திரும்பி வந்தான். இளைத்திருந்தான், பேச்சு குறைந்திருந்தது. டிவியில் படம் உதறினால் எழுந்து வெளியே போய்விடுவான். சரவாக்கைப் பற்றி அவனாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயம், உள்ளதைச் சொல்கிறேன்.

அடுத்த போகி வந்தது. எல்லாம் பரிமாறிய பிறகு அம்மா ஓரத்து இலையில் திருக்கையை வைத்தாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னம்மா, நான் இன்னும் சாவலம்மா. யாருக்கு இது?"

அம்மா சொன்னாள். நீ தூக்கிக்கிட்டு ஓடிவந்தியே, அந்தப் புள்ளைக்கு என்று. டிவியில் பார்த்தோம் என்று. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் மீன் தின்ன மாட்டாம்மா. தொண்டையில முள்ளு மாட்டிக்குமாம். துப்பாக்கிக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டான். மீன் போட்டா என் தட்டுல தள்ளிவிட்டுடுவான்."

அத்தை சாம்பிராணித் தட்டோடு அப்படியே நின்றாள். அம்மா குனிந்து இலையிலிருந்த துண்டை எடுத்து, இரண்டாகப் பிட்டு, உள்ளே இருந்த மெத்தென்ற குருத்தெலும்பை விரலால் அழுத்தி அண்ணனுக்குக் காட்டினாள்.

"இது திருக்கைடா. இதுல ஏது முள்ளு? அவன்கிட்ட சொல்லு, பயப்படாம சாப்பிடட்டும்."